ரேஷன் அட்டை இல்லாத எட்டுப் பேர் எப்படிச் சாப்பிட்டார்கள்? (ஆன் ஃபிராங்க் குடும்பத்தின் மறைவிட உணவு பற்றி ஒரு கேள்வி)

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியை. சி.பி.எஸ்.இ. பாடநூலில் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பிலிருந்து ஒரு பகுதி பாடமாக இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பகுதியில் மறைந்து வாழ்ந்த வாழ்க்கை ஏறக்குறைய இல்லவே இல்லை. வகுப்பில் ஓயாமல் பேசியதற்காகக் கணக்கு ஆசிரியர் கட்டுரை எழுதச் சொன்ன கதைதான் இருக்கிறது. ஆகவே பின்னணியை நானே சொல்லிவிடலாம் என்று, நாஜி ஜெர்மனி நெதர்லாந்தை ஆக்கிரமித்து யூதர்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை, யூதச் சிறுமி ஆன் உட்பட எட்டு யூதர்கள் ஆம்ஸ்டர்டாமில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்திருந்ததையும், அப்போது அந்த நாட்டில் உணவுப் பொருள்கள் எல்லாமே ரேஷனில்தான் கிடைத்தன என்பதையும் சொல்லி முடித்தேன்.

உடனே ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மா ரேஷன் கடையில் பில் போடுபவர். "ஒளிஞ்சிருக்கிறவங்க கடைக்கு வர முடியாது, பேரையும் சொல்ல முடியாது. அப்ப யார் கார்டுல வாங்கினாங்க மிஸ்?" என்று கேட்டாள். நண்பர்கள் உதவினார்கள் என்றேன். "நண்பர்களுக்குக் கொடுக்கிறது நண்பர்களுக்குத்தானே காணும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். இருபது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வரும் எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அட்டை எப்படிக் கிடைத்தது, பொருளை யார் சுமந்தார்கள், யாருக்கும் தெரியாமல் எட்டுப் பேருக்கு எப்படிச் சமைத்தார்கள் என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதினால், திங்கட்கிழமை வகுப்பில் தலை நிமிர்ந்து நிற்பேன்.

கால்வாய்க்கரை எழுதியது:

ஆசிரியர் அம்மா அவர்களுக்கு வணக்கம். பதினோரு ஆண்டுகளாக ஆம்ஸ்டர்டாமில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் பல முறை சென்றிருக்கிறேன். உங்கள் மாணவி நேராக முடிச்சிலேயே கை வைத்திருக்கிறாள். ஒளிந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடியவற்றில் முதன்மையானது சாப்பாடுதான். மனிதன் சத்தம் போடாமல் இருக்கலாம், திரையை இழுத்து மூடிக்கொள்ளலாம். ஆனால் நாள்தோறும் எட்டு வயிற்றுக்கு வேண்டியதை யாராவது வெளியே போய், எவரிடமாவது கேட்டு, எதையாவது கொடுத்து, எல்லோர் கண்ணெதிரிலும் தூக்கி வந்தாக வேண்டும்.

முதலில் சுமந்தவர்களைச் சொல்கிறேன். கட்டடம் பிரின்சன்கிராக்ட் என்னும் கால்வாய்த் தெருவில் 263ஆம் எண். ஆனின் தந்தை ஓட்டோ ஃபிராங்கின் நிறுவனங்கள் அங்கேதான் இயங்கின. அங்கு வேலை பார்த்த நால்வர் உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றினார்கள்: மீப் கீஸ், பெப் வோஸ்கைல், யோஹன்னஸ் கிளைமன், விக்டர் கூக்ளர். மீப்பின் கணவர் யான் கீஸ், பெப்பின் தந்தை ஆகிய இருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறைவிடத்தின் வாசலை மறைத்த சுழலும் புத்தக அலமாரியைச் செய்தவர் பெப்பின் தந்தைதான். காய்கறியும் இறைச்சியும் மீப்பின் பொறுப்பு, ரொட்டியும் பாலும் பெப்பின் பொறுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அலுவலகத்துக்கு அன்றாடம் பால் வருவது வழக்கம் என்பதால், அதில் ஒரு பங்கை மேலே கொண்டுபோவது அவ்வளவு விபரீதமாகத் தோன்றவில்லை. ரொட்டிக்குக் கிளைமனுக்குத் தெரிந்த ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் கைகொடுத்தார்.

இறைச்சிக் கடை விஷயம்தான் எனக்கு வியப்பளிப்பது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரான ஹெர்மன் ஃபான் பெல்ஸ், தொத்திறைச்சிக்கு வேண்டிய மசாலாக்களில் கைதேர்ந்தவர். ஓட்டோவின் மசாலா நிறுவனத்தில் அந்த வேலைக்காகவே சேர்ந்தவர். ஒளிந்துகொள்வதற்கு முன்பே அவர் மீப்பைத் தமக்குத் தெரிந்த இறைச்சிக் கடைக்குப் பல முறை உடன் அழைத்துப் போயிருக்கிறார். மீப் அங்கே சும்மா நின்றிருப்பார். ஒன்றும் வாங்கமாட்டார், ஏன் அழைத்து வந்தார் என்பதும் அவருக்குப் புரியவில்லை. பிற்பாடு ஃபான் பெல்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டோடு தனியாகப் போனபோதுதான் காரணம் விளங்கியது. கடைக்காரருக்கு அந்த முகம் பழகியிருந்ததால், ஒரு கேள்வியும் கேட்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

காய்கறிக் கடைக்காரர் ஹென்ட்ரிக் ஃபான் ஹூவ என்பவரின் கடை, பக்கத்தில் உள்ள லேலிகிராக்ட் தெருவில் இருந்தது. அந்தக் கட்டடத்திலிருந்து நடந்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. கணவனும் மனைவியும் மட்டுமே உள்ள வீட்டுக்கு இவ்வளவு காய்கறியா என்று அவர் மீப்பிடம் ஒரு முறையும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு பாரமாக இருக்கும் என்று, மதிய இடைவேளையில் தாமே அலுவலகத்துக்குக் கொண்டுவந்து அங்கிருந்த அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்; இரவில் ஃபான் பெல்ஸின் மகன் பீட்டர் கீழே இறங்கி வந்து மேலே எடுத்துச் செல்வான். 1944 ஏப்ரலில் கட்டடத்தில் திருடர்கள் புகுந்து கதவை உடைத்தபோதும் அதைப் பார்த்த இவர் காவல்துறைக்குச் சொல்லவில்லை. யாரும் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை, அவராகவே புரிந்துகொண்டார்.

இனி அட்டைக்கு வருகிறேன். அன்றைய நெதர்லாந்தில் ஆளுக்கு ஒரு மூல அட்டை உண்டு. அதைக் காட்டினால்தான் அந்தந்தக் காலத்துக்குரிய கூப்பன்கள் கிடைக்கும். கூப்பனும் பணமும் இரண்டும் இருந்தால்தான் கடையில் பொருள் கிடைக்கும். மறைந்தவர் கூப்பன் தரும் பங்கீட்டு அலுவலகத்துக்குப் போக முடியாது. ஆகவே அவர்களுக்கு வேண்டியது உணவு மட்டுமன்று, வேறொருவர் பெயரிலோ பெயரே இல்லாமலோ இருக்கும் காகிதம். யான் கீஸ் நகராட்சியில் சமூகநலப் பணியில் இருந்தவர். ஜெர்மானியரை எதிர்த்த இரகசிய எதிர்ப்பியக்கத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அந்த வழியாகக் கூப்பன்கள் வந்தன. நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதிகள் இருவரும் கள்ளக் கூப்பன் பெற்றுத் தந்தார்கள். உங்கள் மாணவி கேட்ட "நண்பர்களின் அட்டை" உண்மையில் போதியிருக்காது. வெளியிலிருந்து காகிதம் வந்ததால்தான் அது நடந்தது.

அடுப்படி எழுதியது:

மேலே எழுதியவர் பொருள் உள்ளே வந்து சேரும் வரை சொல்லிவிட்டார். இருபது ஆண்டு சமையல்காரனாக இருந்தவன் என்ற முறையில், வந்த பொருள் என்ன ஆயிற்று என்பதை நான் எழுதுகிறேன்.

பின்கட்டின் மேல்தளத்தில் ஃபான் பெல்ஸ் தம்பதியர் படுத்த அறைதான் பகலில் எட்டுப் பேருக்கும் சமையலறை, சாப்பாட்டு அறை, கூடம் எல்லாம். அது முன்பு நிறுவனத்தின் ஆய்வகமாக இருந்ததால் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்கெனவே இருந்தன. இது பெரிய அதிர்ஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கீழே கிடங்கில் வேலை செய்தவர்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரியாது. காலையில் அவர்கள் வந்துவிட்டால் குழாயைத் திறக்கக் கூடாது, செருப்போடு நடக்கக் கூடாது, கழிப்பறையில் தண்ணீர் விடக் கூடாது. மதியம் பன்னிரண்டரைக்குக் கிடங்குக்காரர்கள் சாப்பிடக் கிளம்பிய பிறகுதான் மூச்சு விடலாம். ஒரு மணிக்கு வானொலியில் பி.பி.சி. செய்தி, ஒன்றே கால் மணிக்குப் பரிமாறல், உதவியாளர்களில் யாராவது மேலே வந்து ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு வெளியுலகச் செய்தி சொல்வது, எல்லாமே அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நடந்து முடிய வேண்டும். மறுபடியும் மாலை ஐந்தரைக்குத்தான் விடுதலை. நம் வீட்டில் தாளிக்கும் ஓசை மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்; அங்கே தட்டில் கரண்டி படும் ஓசைக்கே கணக்குப் பார்த்தார்கள்.

சமைத்த பிறகு மிஞ்சும் தோலையும் காம்பையும் என்ன செய்வது என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? எட்டுப் பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தால் ஒரு வாளி தோல் சேரும். அதைக் குப்பைத் தொட்டியில் போட்டால் கிடங்குப் பையன் பார்த்துவிடுவான். ஆகவே எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரித்தார்கள்; வெயில் காலத்திலும் ஒன்று விட்டு ஒரு நாள் நெருப்பு மூட்ட வேண்டியிருந்தது என்று 1943 மே மாதக் குறிப்பில் ஆன் எழுதியிருக்கிறாள். எனக்கு ஒரு கேள்வி உண்டு: கோடையில் புகைபோக்கியிலிருந்து புகை வருவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

ஒரே காய் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். கடையில் எது மலிந்ததோ அதுதான் மேலே வரும். எண்டைவ் என்னும் கசப்புக் கீரை வந்தால் அது தீரும் வரை எண்டைவ், பிறகு பசலை, பிறகு நூல்கோல், பிறகு புளிக்கவைத்த முட்டைக்கோஸ் என்று பருவங்களைப் போலவே உணவும் மாறியதை அவள் 1944 ஏப்ரலில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறாள். ஆனால் கோடையின் வெள்ளரியோ பசுமையோ எதுவும் இல்லாத மார்ச் மாதம்தான் கொடுமை. பீப்பாயில் ஊறிக்கிடந்த கேல் கீரையை உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்தபோது எழுந்த நாற்றத்துக்கு, வாசனைத்திரவியம் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுதினாள். பசியைவிட அலுப்புத்தான் அவர்களை வாட்டியது என்று சொல்லத் தோன்றுகிறது. குறைந்தது 1944 வசந்தம் வரை அப்படித்தான்.

இருப்பு வைப்பதில் கெட்டிக்காரர்கள். தகர டப்பாக்களில் ஏறக்குறைய நூறு முன்பே சேர்த்திருந்தார்கள். 1942 டிசம்பரில் ஃபான் பெல்ஸ் நிறைய இறைச்சி வாங்கி, பின்னாளுக்கு ஆகுமென்று தம் கையாலேயே தொத்திறைச்சி செய்து, கயிற்றில் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு, சிவந்த கையும் வியர்த்த முகமுமாக அவர் நின்ற காட்சியைப் படிக்கும்போது, ஒரு தொழிலாளி தன் தொழிலுக்குத் திரும்பிய மகிழ்ச்சி எனக்குத் தெரிகிறது. ஒளிந்திருந்த இடத்தில் அவருக்குத் தெரிந்த வேலையைச் செய்யக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் மாணவர்கள் சிரிப்பதற்கும் ஒன்று சொல்கிறேன். காய்ந்த பழுப்பு பீன்ஸ் ஆறு மூட்டைகள் நடைபாதையில் தொங்கிக்கொண்டிருந்தன. பாரத்தில் தையல் விட ஆரம்பித்ததால் பரணுக்கு ஏற்றுமாறு பீட்டருக்கு உத்தரவு. ஐந்தை நல்லபடியாக ஏற்றிவிட்டான். ஆறாவது மூட்டை பாதி வழியில் கிழிந்தது. படிக்கட்டின் கீழே நின்றிருந்த ஆனின் மேல் ஆலங்கட்டி மழை போலக் கொட்டி, கணுக்கால் வரை பீன்ஸ் குவிந்தது. நல்ல வேளையாகக் கீழே அலுவலகத்தில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. பீன்ஸ் மணிகள் இண்டு இடுக்கெல்லாம் உருண்டு போய்விட்டதால், அதன் பிறகு படியேறும் ஒவ்வொருவரும் குனிந்து இரண்டு மூன்று பொறுக்கிக்கொண்டே போனார்களாம்.

கரும்பலகை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இறைச்சிக் கடையில் சும்மா நின்ற மீப்பை என் மாணவிக்கு அப்படியே சொல்லப் போகிறேன். இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. எட்டுப் பேர் மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்லவா? பங்கு பிரிப்பதில் சண்டை வந்ததா, செலவை யார் ஏற்றார்கள்? இன்னொன்று, சொந்த நிறுவனமும் விசுவாசமான ஊழியர்களும் இல்லாத மற்ற குடும்பங்கள் என்ன செய்தார்கள்?

கணக்கன் எழுதியது:

சண்டை வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தொடக்கத்தில் ஒரே அடுப்பு, ஒரே பந்தி. திருமதி ஃபான் பெல்ஸ் சமைப்பார். மற்றவர்கள் உருளைக்கிழங்கு உரிப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். உரிப்பதைப் பற்றிக்கூட அங்கே கருத்து வேறுபாடு உண்டு. பல் மருத்துவரான ஃபிரிட்ஸ் ஃபெஃபர், 1942 நவம்பரில் எட்டாவது ஆளாக வந்து சேர்ந்தவர், கத்தியை இப்படிப் பிடிக்க வேண்டும், தோலை இப்படிச் சீவ வேண்டும் என்று ஆனுக்கு வகுப்பெடுப்பார். அவள் தன் போக்கில்தான் உரிப்பாள். நாள் செல்லச் செல்ல வெண்ணெய் யாருக்கு எவ்வளவு, வறுக்கும் கொழுப்பை யார் கூடுதலாக எடுத்தார்கள் என்பதெல்லாம் பேச்சாயிற்று. சிலவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் நிலையும் வந்தது. இதைப் படித்துவிட்டு அவர்களைச் சிறுமையாக நினைப்பவர்கள் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் நெய்ச் சட்டியை யார் வழித்தது என்று பத்து நாள் பேசாமல் இருந்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. அதுவும் இவர்களுக்குக் கோபம் தணிய வாசலுக்குப் போய் நிற்கும் வசதிகூடக் கிடையாது.

பணத்தைப் பொறுத்தவரை, அவரவர் செலவு அவரவர் பொறுப்பு. ஃபிராங்க் குடும்பத்துக்கு நிறுவனத்தின் வழியாக ஓரளவு தாக்குப்பிடிக்க முடிந்தது. ஃபான் பெல்ஸ் குடும்பத்தின் கையிருப்பு 1943 இலையுதிர் காலத்தில் தீர்ந்துபோயிற்று. கள்ளக் கூப்பனுக்கும் விலை உண்டு, கூப்பனைக் கொடுத்து வாங்கும் பொருளுக்கும் விலை உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். திருமதி ஃபான் பெல்ஸ் பதினேழு ஆண்டுகளாக உடுத்திய முயல்தோல் மேலங்கியை விற்றார்கள். 325 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கிடைத்தது. போர் முடிந்ததும் புதுத் துணி எடுக்க அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அவர் விரும்பினார். அது வீட்டுச் செலவுக்கு உடனே வேண்டும் என்பதைக் கணவர் அவருக்குப் புரியவைப்பதற்குள் கத்தலும் அழுகையும் காலை உதைத்தலுமாக வீடே அதிர்ந்தது. அந்த மேலங்கி சில வார உருளைக்கிழங்காகவும் ரொட்டியாகவும் மாறியிருக்கும்.

பழஞ்சுவடி எழுதியது:

ஆசிரியரின் இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்ற விடை. பிரின்சன்கிராக்ட் வீடு விதிவிலக்கு என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து இருக்க முடிந்தது மிக அரிது. பெரும்பாலும் பெற்றோர் ஓரிடம், பிள்ளைகள் வேறிடம் என்று பிரிந்துதான் மறைந்தார்கள்; சிலர் பத்துப் பதினைந்து வீடுகள் மாறினார்கள். அதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், ஒரு வீட்டில் ஒரு வாய் கூடினால் சமாளிக்கலாம், நான்கு வாய் கூடினால் முடியாது என்பதும் ஒரு காரணம்.

டச்சு மொழியில் மறைந்து வாழ்ந்தவரை "ஒண்டர்டைக்கர்" என்பார்கள். நீருக்குள் முங்கியவர் என்று பொருள். முங்கியவர்களில் யூதர்கள் ஒரு பகுதிதான். ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குப் போக மறுத்த இளைஞர்கள், மாணவர்கள், இரயில்வே ஊழியர்கள் என எல்லோரையும் சேர்த்தால் தொகை மூன்று லட்சத்தைத் தாண்டும். இத்தனை பேருக்கும் கூப்பன் வேண்டும். தனிமனிதரின் நல்ல மனத்தால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று. 1942இல் ஹெலேனா கைப்பர்ஸ்-ரிட்பெர்க் என்ற இல்லத்தரசியும் ஃபிரிட்ஸ் ஸ்லோம்ப் என்ற போதகரும் தொடங்கிய, மறைந்தவர்களுக்கு உதவும் நாடு தழுவிய அமைப்பு ஒன்று, "எல்.ஓ." என்ற சுருக்கப் பெயரில், ஊர் ஊராகக் கிளை விட்டது. இடம் தேடித் தருவதும் மாதந்தோறும் கூப்பன்களைக் கைமாற்றி விடுவதும் அதன் வேலை. கூப்பன் எங்கிருந்து வந்தது என்றால், பெரும் பகுதி கொள்ளையடித்துத்தான். இதற்கென்றே இருந்த ஆயுதக் குழுக்கள் பங்கீட்டு அலுவலகங்களுக்குள் புகுந்து கட்டுக்கட்டாக எடுத்து வந்தன. உள்ளே வேலை பார்த்த எழுத்தர்களே பல இடங்களில் கதவைத் திறந்துவிட்டார்கள். ரேஷன் கடையில் பில் போடும் அம்மாவின் மகளுக்கு இந்தப் பகுதி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இதை ஆக்கிரமிப்பு அரசு அறியாமல் இல்லை. முங்கியவர்களைப் பட்டினி போட்டு மேலே வரவழைக்க, 1943 இறுதியில் இரண்டாவது மூல அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். அந்த அட்டையில் ஒரு சிறு முத்திரைத் தாள் ஒட்டப்படும். அது இல்லாதவருக்கு இனிமேல் கூப்பன் இல்லை. திட்டம் கச்சிதமானது. ஆனால் 1944 ஜனவரியில் டில்பர்க் நகராட்சிக் கட்டடத்தில் எதிர்ப்பியக்கத்தினர் புகுந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முத்திரைத் தாள்களைத் தூக்கிச் சென்றார்கள். பல மாத ஏற்பாடு பாழாயிற்று. செலவுக்குப் பணம் திரட்டியது இன்னொரு பெரிய கதை. வால்ராவன் ஃபான் ஹால் என்ற வங்கியாளர் மறைவாக நிதி திரட்டி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் படியளந்தார்; 1945 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கிராமத்துக்குப் போனவர்களின் நிலை வேறு. பண்ணை வீட்டில் பாலும் உருளைக்கிழங்கும் கூப்பனுக்குக் காத்திருக்கவில்லை. ஃபிரீஸ்லாந்து, டிரெந்தே போன்ற மாகாணங்களில் ஒளிந்திருந்தவர்கள் நகரத்தில் இருந்தவர்களைவிட நன்றாகவே சாப்பிட்டார்கள். அங்கே இடர் வேறு விதமாக வந்தது. கறுப்பு முடியுள்ள ஒரு குழந்தை, உறவுக்காரப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காரும்போது, உண்பதற்கு முன் சொல்லும் கிறிஸ்தவ வேண்டுதல் வாயில் வர வேண்டும்; தட்டில் வைத்த பன்றிக்கொழுப்பை முகம் சுளிக்காமல் விழுங்க வேண்டும். விருந்தாளி யாராவது வந்திருக்கும் நாளில் அது ஒரு பரீட்சை.

பிறகு 1944 செப்டம்பரில் இரயில் வேலைநிறுத்தம். அதற்குப் பழிவாங்க மேற்கு மாகாணங்களுக்கு உணவு போவதை ஜெர்மானியர் தடுத்தார்கள். தடை தளர்ந்தபோது கால்வாய்கள் உறைந்துவிட்டன. எரிவாயுவும் மின்சாரமும் நின்றன. ஆளுக்குரிய பங்கீடு நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்குக் கீழே போய், பிப்ரவரியில் ஐந்நூறு அளவில் நின்றது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தவறாக எண்ண வேண்டாம், ஆலைக்குப் போகும் சர்க்கரைப் பீட்டைத் துருவி வேகவைத்தார்கள்; துலிப் கிழங்கின் நடுவில் உள்ள மஞ்சள் முளையைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைத்தார்கள். ஏறக்குறைய இருபதாயிரம் பேர் மாண்டார்கள். பின்கட்டில் இருந்தவர்கள் அதற்கு முன்பே, 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டுவிட்டார்கள். நகரில் இன்னும் முங்கியிருந்தவர்களுக்குத்தான் அந்தக் குளிர்காலம் இரட்டைத் தண்டனை. மற்றவர்கள் பொதுச் சமையற்கூடத்தில் வரிசையில் நின்று ஒரு கரண்டிக் கூழாவது வாங்கினார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போய்ப் படுக்கை விரிப்பைக் கொடுத்துக் கோதுமை வாங்கினார்கள். முங்கியவர் வரிசையிலும் நிற்க முடியாது, சாலையிலும் நடக்க முடியாது. ஆகவே வீட்டுக்காரப் பெண்கள் தங்கள் கிண்ணத்தில் வந்ததையே பகிர்ந்தார்கள். 1945 ஏப்ரல் 29 முதல் நேச நாட்டு விமானங்கள் தாழப் பறந்து உணவு மூட்டைகளைப் போடத் தொடங்கும் வரை இதுதான் நிலை.

கால்வாய்க்கரை எழுதியது:

பழஞ்சுவடி எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் முதலில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். போர்க்காலத்தில் அவருக்கு ஒன்பது வயது. ஒரே கடையில் இரண்டு ரொட்டி வாங்காதே, இந்தத் தெருவில் ஒன்று, பாலத்துக்கு அப்பால் ஒன்று வாங்கு என்று அம்மா சொல்லி அனுப்புவாராம். ஏன் என்று கேட்டதற்கு, கால் நன்றாக வளரும் என்று பதில் வந்ததாம். பரணில் ஒரு தம்பதியர் இருந்தது அவருக்குப் போர் முடிந்த பிறகுதான் தெரிந்தது. என்னிடம் இதைச் சொன்னபோதும் உருளைக்கிழங்கை மெல்லிய தாள் போலத்தான் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

முன்பு எழுதியபோது விட்டுவிட்ட ஒரு செய்தியையும் சேர்க்கிறேன். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் வகுப்பில் இதைக்கொண்டு விளக்கலாம். 1944 மார்ச்சில் கூப்பன் தந்துகொண்டிருந்தவர்கள் கைதானார்கள். எட்டுப் பேருக்குக் கையில் இருந்தவை ஐந்து கள்ள அட்டைகள் மட்டுமே; கொழுப்பு அறவே நின்றது. மே 25ஆம் நாள் காலையில் காய்கறிக் கடைக்காரர் ஃபான் ஹூவவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தம் வீட்டில் இரண்டு யூதர்களை ஒளித்து வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. நாள்தோறும் இவ்வளவு காய்கறி எங்கே போகிறது என்று கேட்காமல் இருந்தவர் வீட்டிலும் அதே கதை நடந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கே பின்கட்டில் திட்டத்தை மாற்றினார்கள். காலை உணவை விட்டுவிடுவது, மதியம் கஞ்சியும் ரொட்டியும், இரவில் வறுத்த உருளைக்கிழங்கு, வாரத்துக்கு ஓரிரு முறை கீரையோ வேறு காயோ முடிந்தால். அவர் பல முகாம்களைக் கடந்து உயிரோடு திரும்பி வந்தார்.

அடுப்படி எழுதியது:

அந்த மே மாதத்துக்குப் பிறகும் ஒரு நல்ல நாள் வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள், ஆசிரியர் அம்மா. பிள்ளைகள் வெறும் நாற்றக் கீரையோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

ஓட்டோவின் முதல் நிறுவனம் விற்றது, பழப்பாகு கெட்டியாவதற்குச் சேர்க்கும் பெக்டின். 1944 ஜூலைத் தொடக்கத்தில் நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஏலத்தில் ஸ்ட்ராபெரிப் பழம் வாங்கி வந்தார்; இருபத்து நான்கு தட்டுகள். மாடியிலும் கீழே அலுவலகச் சமையலறையிலும் காம்பு கிள்ளுவதே வேலை. பகல் நேரம், வாசல் கதவில் யாராவது தட்டிக்கொண்டேயிருக்கிறார்கள், கீழே இறங்கியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், மறுபடியும் வேலை தொடர்கிறது. வாளிக்குப் போன பழத்தைவிட வாய்க்குப் போனது கூடுதல் என்று ஆன் எழுதியிருப்பாள். அடுத்த சில நாட்களுக்குக் கஞ்சியிலும் ரொட்டியிலும் எல்லாவற்றிலும் ஸ்ட்ராபெரி. அது முடிவதற்குள் பட்டாணி வந்து இறங்கியது. உரித்து, உள்தோலையும் நீக்கி, மேசை முழுக்கப் பச்சைத் தோல்.

கரும்பலகை எழுதியது:

திங்கட்கிழமை வகுப்பு முடிந்தது. என்ன நடந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

டில்பர்க் கதைக்குக் கைதட்டினார்கள். மேலங்கிக் கதைக்கு மாணவிகள் எல்லோரும் திருமதி ஃபான் பெல்ஸ் பக்கம். புதுத் துணிக்கு ஆசைப்பட்டதில் என்ன தவறு என்கிறார்கள். கேள்வி கேட்ட பெண் மட்டும் குறிப்பேட்டில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஐந்து அட்டையை எட்டால் வகுத்து, ஓர் ஆளுக்கு அரை அட்டையும் கொஞ்சமும் என்று எழுதி, பக்கத்தில் காய்கறிக் கடைக்காரர், இறைச்சிக் கடைக்காரர், ரொட்டிக்கடைக்காரர், பால் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள், அந்தப் பட்டியலை இன்று மாலை அம்மாவிடம் காட்ட வேண்டும், எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள்.